வலப்பக்கம் திறக்கும் நோட்டு

‘காம்ப்ரமைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே, என்னிடம் ஆங்கிலம் படிக்கும் பெண் உருதுவில் ‘ராஸிநாமா’ என்று எழுதியிருந்தாள். நான் அதைச் சிவப்பு மையால் அடித்தேன். ராஜினாமா என்றால் வேலையை விட்டு விலகுவது. சமரசத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஓரத்தில் ‘தவறு’ என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை அவளுடைய பாட்டி, உள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி கேட்டார்: “டீச்சரம்மா, ரெண்டு தரப்பும் ராஸி ஆயிட்டா எழுதிக்கிற காயிதம்தானே ராஸிநாமா? ஏன் அடிச்சீங்க?”

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். பாட்டி சொன்னதுதான் சரி. ராஸி என்றால் சம்மதம். ‘ரெண்டு பேரும் ராசி ஆயிட்டாங்க’ என்று நாமே சொல்கிறோமே, அதே ராசி. நாமா என்றால் எழுத்து, பத்திரம். உருதுவில் ராஸிநாமா என்பது சமரசப் பத்திரம். வேலையை விடுவதற்கு அவர்கள் சொல்வது ‘இஸ்திஃபா’. தமிழுக்கு வந்த ராஜினாமாதான் வேறு வேலைக்குப் போய்விட்டது. மராத்தியிலும் கன்னடத்திலும்கூட அது பதவி விலகலாகத்தான் நிற்கிறது.

அடுத்த வகுப்பில் முதல் வேலையாக அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘சரி, என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: உருது தெரிந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறேன், ஆனால் என் காதில் விழும் பாதி உருதுச் சொற்களை நான் தமிழாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் மாலை நேரத்தில் வீடுகளுக்குப் போய் ஆங்கிலம் சொல்லித்தருகிறவள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்தில் வீட்டுக்குள் உருது பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. உருது வழியில் படித்த பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போகும்போது ஆங்கிலச் சொற்கள் மொத்தமாக வந்து மோதும். இந்த வீட்டில் எனக்கு மூன்று பேர்: அக்கா, தங்கை, அவர்களுடைய சித்தப்பா மகன். மூவரிடமும் ஆளுக்கொரு வார்த்தைப் புத்தகம் இருந்தது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் ஆங்கிலத்தில் பொருள், வலப்பக்கம் உருதுப் பொருள். ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது சொற்கள். பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள். நான் சொல்லைச் சொன்னால் உருதுப் பொருள் பட்டென்று வரும். எனக்கு முதலில் அது பெருமையாகவே இருந்தது.

ஒரு நாள் ‘ஆம்பிகுவிட்டி’ என்றேன். “இப்ஹாம்” என்றான் பையன். சரி, இப்ஹாம் என்றால் என்ன என்று கேட்டேன். “ஆம்பிகுவிட்டி, மிஸ்.”

அவன் என்னைக் கேலி செய்யவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்ஹாம் அரபியிலிருந்து உருதுவின் எழுத்து நடைக்கு வந்த சொல். அவன் வீட்டில் யாரும் அதைப் பேசிக் கேட்டதில்லை. அவர்கள் பேசுவது உருதுவின் தென்னகப் பேச்சு வழக்கான தக்னி. ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹான்’ இல்லை, ‘ஹவ்’. ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நஹீன் சாஹியே’ இல்லை, ‘நக்கோ’. ‘முஜே’ இல்லை, ‘மெரேகு’. (மெரேகு என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் அந்தக் ‘கு’வில் எனக்கு நம் ‘எனக்கு’ கேட்கும்.) இப்படிப் பேசும் பிள்ளைக்குத் தெரியாத ஆங்கிலச் சொல்லுக்குத் தெரியாத உருதுச் சொல்லைக் கொடுத்தால், பூட்டுக்குமேல் பூட்டு. புத்தகத்தில் ‘பொருள்’ என்று அச்சிட்டிருப்பதற்கே பொருள் வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாம் செய்வதும் இதுதான். ‘ரிலக்டன்ட்’ என்றால் ‘விருப்பமற்ற மனநிலையுடைய’ என்று எழுதிப்போட்டுவிட்டு, ‘அரை மனசா’ என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

பாட்டிதான் அன்று காப்பாற்றினார். பிள்ளைகள் அவரைத் தாதிமா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். தாதிமாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டவும் தெரியாது. உருது சரளமாக வாசிப்பார். நான் தமிழில் விளக்கினேன்: “தாதிமா, ஒருத்தர் பேசுறது இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம், எதுன்னு பிடிபடல...” முடிப்பதற்குள் சொன்னார்: “கோல்மோல் பாத்.” மூன்று பிள்ளைகளின் முகமும் ஒரே நேரத்தில் தெளிந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் என் காதில் விழுந்தது கோல்மால். அது மோசடி. இது வேறு: கோல் என்றால் உருண்டை, கோல்மோல் என்றால் முனையே இல்லாமல் உருட்டிப் பேசுவது. நாம் பூசி மெழுகிப் பேசுவது என்போமே, அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது.

ஆனால் அதோடு நிறுத்தியிருந்தால் இன்னொரு தவறு நடந்திருக்கும். கோல்மோல் பாத் பேசுகிறவர் வேண்டுமென்றே மழுப்புகிறார். ஆம்பிகுவிட்டியில் அந்தக் கள்ளத்தனம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு வாக்கியம் தன்னாலேயே இரண்டு பொருள் தரலாம். இதைக் காட்ட ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். ‘ஹெர் பேக்’ காணாமல் போய்விட்டதாக அம்மா மகளிடம் சொன்னாள். யாருடைய பை? அம்மாவுடையதா, மகளுடையதா? ஆங்கிலத்தில் அந்த ‘ஹெர்’ இரண்டு பக்கமும் கை காட்டுகிறது. உருதுவில் பேசுகிறவர் இதை ‘என் பை காணோம்’ என்றோ ‘உன் பை காணோம்’ என்றோ அம்மா சொன்னபடியே சொல்லிவிடுவார், தமிழிலும் அப்படித்தான். அதனால் இந்தச் சிக்கல் நமக்குக் கண்ணிலேயே படுவதில்லை. அன்றைக்கு ஒரே ஒரு சொல்தான் நடந்தது. ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

அதற்குப் பிறகு நோட்டின் அமைப்பை மாற்றினேன். இரண்டு பக்கத்தையும் விரித்து வைத்துக்கொள்வது. இடப்பக்கம் முழுக்க ஆங்கிலம்: சொல், எளிய ஆங்கிலத்தில் பொருள், அவர்களே அமைத்த ஒரு வாக்கியம். வலப்பக்கம் முழுக்க உருது: புத்தகத்துச் சொல் மேலே, வீட்டுச் சொல் கீழே. உருது வலமிருந்து இடமாக ஓடும், ஆங்கிலம் இடமிருந்து வலமாக. முன்பு ஒரே வரியில் இரண்டையும் எழுதியபோது நடுவில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். இப்போது இரண்டும் தைத்த நடுக்கோட்டை நோக்கி ஓடி வந்து நின்றுவிடுகின்றன. தங்கைக்கு இந்த நோட்டை எப்போதும் வலப்பக்கத்து அட்டையிலிருந்துதான் திறக்க வரும். உருதுப் புத்தகங்கள் அப்படித்தான் திறக்கும். அவளுக்கு நோட்டின் முதல் பக்கம் எனக்குக் கடைசிப் பக்கம். அதை நான் மாற்றச் சொல்லவில்லை. அவள் நோட்டு அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கட்டும்.

இப்படி வேலை செய்யத் தொடங்கியபோது கிடைத்த பெரிய செல்வம் ‘ஹம்’. பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த முன்னொட்டு. ‘கூட’, ‘ஒரே’ என்று பொருள். நம் ‘உடன்’ மாதிரி. ஆங்கிலத்தில் ‘சிம்பதி’ என்ற சொல் வந்தது. உருதுவில் ஹம்தர்தி. தர்த் என்றால் வலி. ஒரே வலி, உடன்வலி. சிம்பதியைப் பிரித்துப் பார்த்தால் கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் கூட, ‘பேதோஸ்’ என்றால் துன்பம், உணர்வு. இரண்டு மொழியும் ஒரே மாதிரி கட்டிய வீடு. இதைக் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதியபோது அக்கா எழுந்து நின்றுவிட்டாள். “அப்போ ‘கன்டெம்பரரி’?” ஹம்அஸ்ர். அஸ்ர் என்றால் காலம், யுகம். லத்தீனில் ‘கோம்’ என்றால் கூட, ‘டெம்பஸ்’ என்றால் காலம். அதுவும் அதே கட்டு.

பிறகு அவர்களே தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஹம்ஜமாஅத், கூடப் படிக்கிறவன். ஹம்சஃபர், கூடப் பயணம் வருகிறவர். ஹம்உம்ர், ஒரே வயசுக்காரர். ‘கம்பேனியன்’ என்ற சொல்லுக்கு என்ன போடுவது என்று விவாதம் வந்தது. பையன் தோஸ்த் என்றான், அக்கா ஸாத்தி என்றாள். அந்தச் சொல்லுக்குள் லத்தீன் ‘பானிஸ்’, அதாவது ரொட்டி, இருக்கிறது என்று சொன்னேன். கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவன்தான் கம்பேனியன். வாசலிலிருந்து தாதிமா சிரித்தார். “ஹம்நிவாலா!” நிவாலா என்றால் ஒரு கவளம். ஒரே கவளத்தைப் பங்கிட்டுக்கொள்கிறவன், ‘ஹம்நிவாலா ஹம்பியாலா’, ஒரே கவளம், ஒரே கோப்பை. நெருங்கிய நண்பர்களை உருதுவில் அப்படிச் சொல்வது வழக்கமாம். ரோமில் ஒருவன் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்ததும் பாரசீகத்தில் ஒருவன் கவளத்தைப் பிட்டுக் கொடுத்ததும் இந்த ஒரே வரியில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது ஹம்சாயா. அண்டை வீட்டுக்காரர். சாயா என்றால் நிழல். ஒரே நிழலில் இருக்கிறவர். ஆங்கிலத்து ‘நெய்பர்’ பழைய ஆங்கிலத்தில் ‘பக்கத்தில் குடியிருக்கிறவர்’ என்பதிலிருந்து வந்தது. அது தூரத்தை அளக்கிறது. ஹம்சாயா எதையும் அளக்கவில்லை. ஒரு மரத்தையோ சுவரையோ நினைக்க வைக்கிறது, அவ்வளவுதான்.

முன்னொட்டு பிடிபட்டதும் ஓர் ஆபத்தும் வந்தது. ஆங்கில ‘அன்’, ‘இன்’ இரண்டுக்கும் உருதுவில் ‘பே’, ‘நா’, ‘கைர்’, ‘லா’ என்று பல உண்டு. முதல் இரண்டும் பாரசீகம், மற்ற இரண்டும் அரபி. வேலையில்லாதவர் பேரோஸ்கார், பொறுமையில்லாதவர் பேசப்ர், தோற்றவர் நாகாம், தகுதியில்லாதவர் நாலாயக் (நம் ‘லாயக்கு’ இதில் இருப்பதைக் கண்டு நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்), சட்டத்துக்குப் புறம்பானது கைர்கானூனி, மருந்தில்லாதது லாஇலாஜ். பிள்ளைகளுக்கு இது கணக்குப் பாடம் மாதிரி இனித்தது. ‘இன்’ வந்தால் ‘பே’ போடு. அதே வேகத்தில் தங்கை ‘இன்வேல்யுபிள்’ என்ற சொல்லுக்கு ‘பேகீமத்’ என்று எழுதிவிட்டாள். பேகீமத் என்றால் மதிப்பே இல்லாதது. இன்வேல்யுபிள் என்றால் மதிப்பிடவே முடியாத அளவுக்கு மதிப்புள்ளது. நேர் எதிர்.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா ஓர் எழுத்தைச் சேர்த்தாள். பேகீமத் பேஷ்கீமத் ஆனது. பேஷ் என்றால் அதிகம். ஒரே ஒரு ‘ஷ்’ குப்பையைப் புதையலாக்கிவிட்டது. அதை ஆங்கிலத்தில் விளக்க நான் தயார் செய்து வைத்திருந்த மூன்று வாக்கியங்களை அப்படியே விட்டுவிட்டேன். தேவைப்படவில்லை. பேதார் என்ற சொல்லையும் இதே சாக்கில் பேசினோம். விழித்திருப்பவர் என்று பொருள். அதில் இருக்கும் ‘பே’ இந்தப் ‘பே’ இல்லை.

‘இன்னசென்ட்’ தனிக் கதை. புத்தகத்தில் ‘பேகுனாஹ்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தார்கள். குனாஹ் என்றால் பாவம், குற்றம். நீதிமன்றத்தில் நிற்கும் நிரபராதிக்கு அது சரி. ஆனால் பாடத்தில் வந்தது ஒரு குழந்தையின் ‘இன்னசென்ட் ஸ்மைல்’. குற்றமற்ற சிரிப்பா? குழந்தையை யார் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள்? அங்கே வர வேண்டியது ‘மாஸூம்’. தமிழிலும் நிரபராதி வேறு, வெள்ளந்தி வேறு. ஆங்கிலத்தின் ஒரு சொல் நம்மிடம் வந்தால் இரண்டாகப் பிரிகிறது, எந்தப் பாதி என்று வாக்கியம்தான் சொல்ல வேண்டும். சொல்லுக்கு ஒரு பொருள் என்று கட்டம் போட்டு அடைத்த புத்தகங்கள் பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதல் இதுதான். பிள்ளை உழைக்காமல் இல்லை. அதன் உழைப்பைத் தவறான கட்டத்துக்குள் கொட்டவைத்துவிடுகிறோம்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். உருதுவில் ஒன்றாக இருப்பது ஆங்கிலத்தில் பிரியும். தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதச் சொன்னபோது தங்கை எழுதியிருந்தாள்: ‘ஐ ஆம் எ ஷேம்ஃபுல் கேர்ள்.’ அதைப் படித்துவிட்டு நான் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்ல வந்தது, தான் கூச்ச சுபாவம் உள்ளவள் என்பது. புத்தகத்தில் ‘ஷேம்’ என்ற சொல்லுக்கு ‘ஷர்ம்’ என்று இருந்தது. வீட்டில் ஷர்ம் என்றால் வெட்கம். புது ஆட்கள் வந்தால் அவளுக்கு ஷர்ம். அவள் செய்த கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் தன்மேல் தானே எழுதிக்கொண்ட தீர்ப்பாக நிற்கிறது.

தமிழிலும் வெட்கம் இரண்டு வேலையும் செய்கிறது. புதுப்பெண்ணுக்கும் வெட்கம், தப்புச் செய்து மாட்டிக்கொண்டவனுக்கும் வெட்கம். அதனால் அவள் எந்த இடத்தில் வழுக்கினாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஒருவர் திருத்தியிருந்தால் சொல்லை மாற்றிக் கொடுத்திருப்பார், காரணம் புரிந்திருக்காது. நாங்கள் அன்று வலப்பக்கத்தில் ‘ஷர்ம்’ குடும்பத்தையே எழுதினோம். ஷர்மீலி, கூச்சமுள்ளவள்: ஆங்கிலத்தில் ‘ஷை’. ஷர்மிந்தா, செய்த செயலுக்காகத் தலைகுனிந்தவர்: ‘அஷேம்ட்’. பேஷர்ம், வெட்கங்கெட்டவர்: ‘ஷேம்லெஸ்’. ‘எம்பராஸ்ட்’ எங்கே போவது என்று கேட்டாள் அக்கா. பாடம் ஒப்பிக்கும்போது பாதியில் மறந்துபோய் எல்லாரும் பார்க்க நிற்கிறாயே, அது. தப்பு ஒன்றும் செய்யவில்லை, ஆனால் முகம் சிவக்கிறது. அதற்கு அவர்கள் வீட்டில் தனிச்சொல் இல்லை. ஷர்மிந்தாவின் பக்கத்தில் ஒரு சின்ன வரைபடம் போட்டு வைத்தோம். தங்கை தன் ஐந்து வரியைத் திருத்தி எழுதினாள். அந்தப் பழைய தாளை நான் கேட்டு வாங்கி வந்து கிழித்துப்போட்டேன். அது அவள் நோட்டில் இருக்கக் கூடாது.

புத்தக உருதுவை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மௌல்வி அப்துல் ஹக்கின் மேற்பார்வையில் 1937இல் வந்த ஆங்கில–உருது அகராதி எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை, அதைப் புரட்டிய யாரும் மறக்க முடியாது. ஹைதராபாத்தில் 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் உயர்கல்வியையே உருதுவில் நடத்திக் காட்டியது. அதற்காகவே ஒரு மொழிபெயர்ப்புத் துறை உட்கார்ந்து பாடநூல்களையும் கலைச்சொற்களையும் உருவாக்கியது. தெர்மாமீட்டருக்கு உருதுவில் ‘மிக்யாஸுல் ஹராரத்’ என்று இருப்பதைப் பார்த்து, இதை எந்தப் பிள்ளை சொல்லும் என்று சலித்துக்கொண்டேன். நம் ‘வெப்பமானி’ கேட்டவுடன் திறக்கிறதே என்று மனதுக்குள் ஒப்பிட்டேன். அதையும் தாதிமாதான் திருத்தினார். பையனுக்கு லேசாக உடம்பு சுட்ட ஒரு மாலையில் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தோடி ஹராரத் ஹை.” கொஞ்சம் சூடு இருக்கு. அந்த நீளமான சொல்லின் பாதி இத்தனை நாளாக அவர் கையிலேயே இருந்திருக்கிறது. மீதி பாதிக்கு, மிக்யாஸ் என்றால் அளவுகோல் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்தப் பெரிய சொற்களை ஒதுக்கக் கூடாது. வீட்டுச் சொல்லை முதலில் வைத்து, அதன் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போக வேண்டும்.

ராஸிநாமாவுக்குப் பிறகு நான் எனக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில், உருது வழி வந்த சொற்களுக்குப் பக்கத்தில் அதற்கென ஒரு குறி இருக்கும். பாக்கி, வசூல், ரத்து, சுமார், பதில் என்று பார்த்துக்கொண்டே போனால், ‘பதில்’கூடவா என்று நிற்க வேண்டியிருக்கும். பொருள் மாறாமல் வந்தவை எனக்குத் தொல்லை தரவில்லை. திசை மாறியவைதான் வகுப்பில் காலை வாரும். ஸவால் அவர்களுக்குக் கேள்வி, நமக்குச் சவால். நாஸுக் அவர்களுக்கு மென்மையானது, நமக்கு நாசூக்கு என்றால் பக்குவமாக நடந்துகொள்வது. மாமூல் அவர்களுக்கு அன்றாட வழக்கம், நமக்கு அதோடு கைக்கூலியும். ஸாமின் என்றால் பிணை நிற்கும் ஆள், பிணைக்கு ஸமானத் என்று வேறு சொல். நாம் ஆளின் பெயரையே பிணைக்கு வைத்து ஜாமீன் என்கிறோம்.

அந்த ஸாமினை ஒருமுறை நானே உருது எழுத்தில் எழுதிக் காட்டினேன், ‘ஸே’ போட்டு. தங்கை அழிப்பானை எடுத்து அழித்துவிட்டு ‘ஸுவாத்’ எழுத்தின் புள்ளி வைத்த தம்பியைப் போட்டாள், “இது அந்த ஸ இல்ல, மிஸ்.” நிலம் என்ற பொருளுள்ள ஸமீனுக்கு ‘ஸே’. பிணையாளுக்கு வேறு எழுத்து. காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும் இந்த ஆங்கில ‘இஸட்’ ஒலிக்கு உருதுவில் நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றும் எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைச் சுமந்துகொண்டிருக்கிறது. தமிழில் ஜமீன், ஜாமீன் இரண்டுக்கும் ஒரே ஜ போட்டு எழுதிவிடுகிறோம். அவள் சொல்லும்வரை நான் அந்த வித்தியாசத்தை நினைத்துப் பார்த்ததே இல்லை.

போன வாரம் வந்த சொல் ‘பிரைவசி’. அக்கா அகராதி பார்த்து ‘கல்வத்’ என்று எழுதினாள். தனிமை, ஒதுங்கியிருப்பது. பையன் ‘ராஸ்தாரி’ என்றான். ராஸ் என்றால் ரகசியம். தாதிமா யோசித்துவிட்டு ‘பர்தா’ என்றார். தங்கை மூன்றையும் மறுத்தாள். “என் டைரியில ரகசியம் ஒண்ணும் இல்ல. நான் தனியாவும் இல்ல, எல்லாரும் இருக்கும்போதுதான் எழுதுறேன். ஆனா யாரும் எடுத்துப் படிக்கக் கூடாது. அதுக்கு என்ன சொல்லு?” தமிழில் அந்தரங்கம் என்று சொன்னேன். இப்போது தனியுரிமை என்றும் எழுதுகிறார்கள் என்றேன். ‘தனியுரிமை’யை அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். தாதிமா தன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் எதையோ முணுமுணுத்தபடி தேடிக்கொண்டிருந்தார்.

இடப்பக்கம் வாக்கியம் எழுதியாகிவிட்டது: ‘மை டைரி இஸ் நாட் எ சீக்ரெட், பட் இட் இஸ் மைன்.’ வலப்பக்கம் இரண்டு வரி இடம் விட்டு வைத்திருக்கிறோம்.